எஸ்தரின் பெயரில்

"கண்ணை மூடியே வெச்சிருங்கம்மா, நடுவுல திறந்து திறந்து பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். சொட்டு மருந்து முதலில் குளிர்ந்தது, பிறகு சுருக்கென்று எரிந்தது, பிறகு எப்படியோ தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டையில் கசக்குமா என்று குமுதவல்லி யோசித்தாள். எஸ்தர் என்றால் இதை வைத்தே ஒரு பதிவு தேற்றியிருப்பாள், நர்ஸின் வளையல் சத்தத்தில் ஆரம்பித்து எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் வீட்டுக்காரரிடம் கொண்டுவந்து நிறுத்தியிருப்பாள் என்று தோன்றியது. எஸ்தர் செத்துப்போய்விட்டாள் என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது, எப்போதும் போல ஒரு எட்டு பின்தங்கி. மூடிய இமைக்குள் ஆரஞ்சு நிறத்தில் என்னவோ மிதந்தது. மதுரையில் இந்தக் கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் காலையிலேயே நூறு பேராவது இருப்பார்கள், அத்தனை பேரும் முகத்தை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதை வரும்போதே பார்த்தாள், கூட்டமாக எதற்கோ பிரார்த்தனை செய்கிற மாதிரி இருந்தது, இப்போது அவளும் அதில் ஒருத்தி. கணவர் சங்கரபாண்டி வாசலில் இறக்கிவிட்டு, முடிஞ்சதும் போன் பண்ணு என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டார். கூட இருக்கட்டுமா என்று கேட்டார்தான். வேண்டாம் என்று சொன்னவளும் இவள்தான். கூட இருந்தால் பேச வேண்டும், பயமில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும், அதற்குக்கூட இப்போதெல்லாம் தெம்பு இல்லை. பயம் இருந்தது. போன வாரம் பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லின் நடு எழுத்து மட்டும் காணாமல் போனது, செல்போன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள், துடைத்த பிறகும் எழுத்து வரவில்லை, தலையைக் கொஞ்சம் திருப்பினால் வந்தது, பக்கத்து எழுத்து போனது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு, நாள் முழுக்க எண்கள், வீட்டுக்கு வந்தால் எழுத்துகள். கண் போய்விட்டால் 'எதிர்வெயில்' வலைப்பதிவை மூடிவிட வேண்டியதுதான், யாரும் எதுவும் கேட்க முடியாது, அதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்று நினைத்தபோது உடம்பு முழுக்க ஒரு ஆசுவாசம் பரவியது. அந்த ஆசுவாசத்தைக் கண்டு அவளே மிரண்டுபோனாள். கண் போவதில் ஒருத்திக்கு நிம்மதி வருமா. அந்த அளவுக்கா அலுத்துவிட்டது.

அலுத்துத்தான் விட்டது. ஆரம்பத்தில் ஏழு பேர். வலைப்பதிவு என்பதே ஊருக்குப் புதிதாக இருந்த காலம், எல்லோரும் எல்லோருடைய பதிவுக்கும் போய்ப் பின்னூட்டம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்ட காலம், அப்படிச் சண்டையில் பழகிய ஏழு பேர் சேர்ந்து ஒரு குழுப்பதிவு தொடங்கினார்கள். பெயர் வைத்தது எஸ்தர். பஸ்ஸில் வெயில் அடிக்கிற பக்கத்து சீட் மட்டும்தான் எனக்குக் கிடைக்கும், அங்கே உட்கார்ந்துதான் நான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், ஆகையால் எதிர்வெயில் என்றாள். ஒருத்தர் பதிவில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது என்பது ஒரே விதி. குமுதவல்லி மட்டும் ஒற்றுப்பிழை பார்க்கலாம், பூட்டும் சாவியும் அவளிடம், ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவள் கையில். அதைப் பெரிய பதவி மாதிரி அப்போது நினைத்திருந்தாள். பிறகு ஒருவர் பேஸ்புக்குக்குப் போனார், ஒருவர் சினிமாவுக்கு வசனம் எழுதப் போய் அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று ஆனார், ஒரு பெண் கல்யாணத்துக்குப் பிறகு கடவுச்சொல்லே மறந்துவிட்டது என்றாள், அது நிஜம்தானா என்று கேட்கிற உரிமை யாருக்கும் இல்லை. ஒவ்வொருவராக இறங்க இறங்க வண்டியில் கடைசியாக மூன்று பேர்: மதுரையில் இவள், தூத்துக்குடியில் எஸ்தர், அபுதாபியில் நஜிமுதீன். காலையில் குக்கர் விசில் வருவதற்குள் பின்னூட்ட மட்டுறுத்தல், உடம்பு இளைக்க மாத்திரை, உடனடிக் கடன், யாரென்றே தெரியாத வெள்ளைக்காரப் பெண் பெயரில் வாழ்த்து, இதையெல்லாம் அழித்துக்கொண்டே போனால் நடுவில் எங்கேயோ ஒரு உண்மையான மனுஷர் 'நல்ல பதிவு' என்று எழுதியிருப்பார், அவரையும் சேர்த்து அழித்துவிடாமல் இருக்க வேண்டும். நாளைக்கு மூடிவிடலாம் என்று எத்தனை காலையில் நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எஸ்தரின் பதிவு ஒன்று வந்து நிற்கும். துறைமுகத்துச் சங்கு, தெருவில் மீன் விற்கிறவளோடு நடந்த வாக்குவாதம், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது கண்ட கூத்து, எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய வீட்டுத் தலைவர். ஞானதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வானத்தில் உட்கார்ந்தே பழகிய மனுஷருக்குத் தரையில் நடப்பது எதுவும் கண்ணில் படாது என்று எஸ்தர் எழுதுவாள். சாப்பிடும்போது பேப்பர், பேப்பர் தீர்ந்தால் பேப்பரின் பின்பக்கம். தன்னைப் பற்றி ஊரே படித்துச் சிரிக்கிறது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவைகூட அவர் பதிவைத் திறந்து பார்த்ததில்லை என்பதில் எஸ்தருக்கு வருத்தமா பெருமையா என்று குமுதவல்லிக்குக் கடைசிவரை புரியவில்லை. சங்கரபாண்டியும்தான் படித்ததில்லை. என்ன தட்டிக்கிட்டே இருக்க என்று கேட்பார், பதில் வருவதற்குள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், பிச்சிப்பூ வாசனை வந்தது. கண்ணைத் திறந்தாள். எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. மறுபடி மூடிக்கொண்டாள். எஸ்தர் நோயைப் பற்றி எழுதினாள், ஒளிக்கவில்லை, முடி கொட்டியதை எழுதினாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனதை எழுதினாள், வாசகர்கள் கூடவே வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வதனி என்று ஒரு பெண் ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும், அக்கா சாப்பிட ஏலுதா, அக்கா நித்திரை வருதா என்று கேட்பாள். மார்கழியில் எஸ்தர் போனாள். இவளும் சங்கரபாண்டியும் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஞானதுரை யாரையும் பார்க்காமல் நின்றார். பதிவில் இப்போதைக்கு ஒண்ணும் போட வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துப் போடுவோம் என்றார். சரி என்றாள். வீட்டுக்கு வந்து அஞ்சலி எழுத உட்கார்ந்தாள், முதல் வரியை எழுதினாள், அழித்தாள், அடுத்த நாளும் எழுதினாள், எழுதுவதற்கு வருவதெல்லாம் செய்தித்தாளில் வருகிற மாதிரி இருந்தது, எஸ்தர் படித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பொறுத்துப் போடுவோம் என்பது அப்படியே தங்கிவிட்டது. பிறகு தை கழிந்து ஒரு நாள் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது மின்னஞ்சல் வந்தது, எஸ்தர் புதிய பதிவை வெளியிட்டிருக்கிறார் என்று. முன்னாலேயே எழுதித் தேதி போட்டு வைத்திருந்தாளோ என்றுதான் முதலில் நினைத்தாள், எஸ்தருக்கு அந்தப் பழக்கம் உண்டு. திறந்து படித்தாள். மூன்றாவது வரியில் தெரிந்துவிட்டது. 'வீட்டுத் தலைவர் இன்று கொடியில் துணிகளை மிக நேர்த்தியாகக் காயப்போட்டார்' என்று எஸ்தர் செத்தாலும் எழுத மாட்டாள். அவளுடைய மடிக்கணினி திறந்தால் நேராகப் பதிவுக்குள்தான் போகும். அந்த நாற்காலியில், அந்த மேஜையில் அவர் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டியிருக்கிறார், பேப்பரைத் தவிர எதையும் படிக்காத மனுஷர், எஸ்தர் மாதிரியே, எஸ்தராகவே. உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. என்னவென்று கேட்பது. நீங்களா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வார், அதற்கு மேல் இவள் என்ன சொல்வாள். பதிவை நீக்கவும் மனம் வரவில்லை. மாசம் மூணு நாலு என்று வர ஆரம்பித்தன. வதனி கேட்டாள்: அக்கா, கனகாலத்துக்குப் பிறகு கண்டது சந்தோசம், சுகமா இருக்கிறியளா? ஒரு வாரம் கழித்துப் பதில் வந்து மட்டுறுத்தலில் காத்திருந்தது. 'நல்லா இருக்கேன் வதனி. எஸ்தர்.' குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. இவளுடைய விரல் அதன் மேல் போய் நின்றது, அழிக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல். பிறகு 'வெளியிடு' என்பதை அமுக்கியது. ஏன் அமுக்கினாள் என்று எத்தனை தடவை யோசித்தாலும் அதே இடத்தில் வந்துதான் முட்டுகிறது: அலுப்பு. அலுப்பு மட்டும்தானா. நல்லா இருக்கேன் என்று எஸ்தர் பெயரோடு சேர்த்துப் பார்த்தபோது இவளுக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. நான் போய்விட்டால் சங்கரபாண்டி என் பெயரில் என்ன எழுதுவார் என்று அன்றைக்குச் சோறு வடிக்கும்போது நினைத்தாள். அவருக்கு இவளைப் பற்றி என்ன தெரியும். இவளுக்கு அவரைப் பற்றியும்தான் என்ன தெரியும்.

மடியில் போன் அதிர்ந்தது. திரை வெளிச்சமாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் விரலை இழுத்தாள்.

"குமுதாக்கா, பாத்தீங்களா?" நஜிமுதீன். பின்னால் அபுதாபியின் ஏதோ ஒரு ரோடு இரைந்தது.

"கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு நஜீம். ஒண்ணும் தெரியல. ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"அல்லா. இன்னைக்கா? மறந்தே போச்சுக்கா. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இன்னும் கூப்பிடல."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகும் சொல்லத்தான் செய்தான். "இன்னைக்குக் காலையில மறுபடியும் ஒண்ணு வந்திருக்கு. நான் முழுசாப் படிக்கலக்கா. முதல் வரியிலயே கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்னு இருக்கு, மூடிட்டேன். என்னால முடியல. எஸ்தர் அக்கா மவுத்தாகி நாலு மாசமாச்சு. அவங்க கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்கன்னு நம்ம பதிவுல வருது. நம்ம பதிவுல. கீழ என் பேரும்தானே இருக்கு."

"இருக்கு."

"அவரு பாவம்தான், நான் இல்லைங்கல. ஆனா படிக்கிற ஜனங்க? அந்த வதனி அவங்களுக்காகக் கோயில்ல நேர்ந்திருக்காம். நேத்து எனக்குத் தனியா மெயில் போட்டுச்சு, அக்காவுக்குக் குணமாயிட்டுது, நேர்த்திக்கடனை நிறைவேத்தப் போறேன்னு. நான் என்ன பதில் எழுத, சொல்லுங்க."

பக்கத்து வரிசையில் ஒரு குழந்தை மருந்து வேண்டாம் என்று அழுதது.

"நீங்க மட்டும்தான் அவங்க கணக்கை நிறுத்த முடியும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு அந்தக் கணக்கை நிறுத்துங்க, இல்ல நடந்ததைச் சொல்லி ஒரு பதிவு போடுங்க. ரெண்டும் முடியாதுன்னா என்னை எடுத்துருங்கக்கா. கோவத்துல சொல்லல. அவங்க எனக்கு அக்கா. அவங்க பேருல பொய் வர்றதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"சரி" என்றாள். எதற்குச் சரி என்று அவனும் கேட்கவில்லை. உடம்பைப் பாத்துக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவன் சொல்வது நியாயம். நியாயம் என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியதுதானே பாக்கி, ஆனால் நியாயம் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க இவள் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தாள். எஸ்தரின் பெயருக்கு நேராக ஒரு 'நீக்கு' இருக்கிறது, அதை அமுக்கினால் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும், ஆம் என்றால் முடிந்தது. நாளைக்கு ஞானதுரை மடிக்கணினியைத் திறப்பார், உங்களுக்கு அனுமதி இல்லை என்று வரும். அந்த வாக்கியத்தை அவர் ஒரு விரலை நீட்டியபடி எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். இல்லை, அதற்கு முன்னால் இன்னொரு காரியம் இருக்கிறது. அழிக்கப்போகிறதை ஒரு தடவையாவது படிக்க வேண்டாமா. அவர் எழுதியது எதையும் இவளும் சரியாகப் படிக்கவில்லை, மூன்று வரி படிப்பாள், மீதியை ஒற்றுப்பிழை தேடுகிற கண்ணோடு தாண்டிப் போய்விடுவாள். கண் நன்றாக இருந்தபோது படிக்காததை இப்போது படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சிரிப்பு வந்தது, தொண்டைக் கசப்போடு.

பிச்சிப்பூ வாசனையின் பக்கம் திரும்பினாள். அங்கே ஊதா நிறத்தில் ஒரு சேலை மட்டும் தெரிந்தது. "ஏம்மா, உங்களுக்கும் மருந்து விட்டிருக்கா?"

"எனக்கு இல்லக்கா, எங்க மாமாவுக்குப் புரைக்கு. அந்தா உள்ள கூட்டிட்டுப் போயிருக்காக. நான் தொணைக்கு வந்தவ. அருப்புக்கோட்டை." குரலில் முப்பது வயது இருக்கும். பெயர் முனீஸ்வரி என்றாள்.

"இதுல ஒண்ணு வந்திருக்கு. வாசிச்சுச் சொல்லுவீங்களா? கொஞ்சம் நீளமா இருக்கும்."

"குடுங்க. சும்மாத்தான உக்காந்திருக்கேன்."

எங்கே தொட வேண்டும் என்று இவள் சொல்லச் சொல்ல அவள் திறந்தாள். எஸ்தர் என்று போட்டிருக்கு, இதுவா என்றாள். அதுதான். முனீஸ்வரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குரலை உயர்த்தி ஒரு சீராக வாசித்தாள். பதினைந்து வருடமாகப் பதிவு நடத்தியும், முன்பின் தெரியாத ஒருத்தர் படிப்பதைக் குமுதவல்லி காதால் கேட்டதே இல்லை; வந்தவர்கள் எண்ணிக்கை என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

"நேற்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டுத் தலைவர் வழக்கம்போல் வரவில்லை. அவர் மார்க்கெட்டில் ஊளி மீன் வாங்கி வந்து அவரே குழம்பு வைத்தார். மிகவும் ருசியாக இருந்தது. அவருக்கு இவ்வளவு கைப்பக்குவம் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனது." முனீஸ்வரி சிரித்தாள். "நல்ல அம்மாக்கா இது. புருசன் சமையலைப் புகழுது." பிறகு தொடர்ந்தாள். "தேங்காயோடு இரண்டு சின்ன வெங்காயம் வைத்து அரைக்க வேண்டும் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் வாங்கியதில்லை. நேற்று வைத்தார். மீன் தலையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தார். தலை எனக்கு என்பது இந்த வீட்டில் சட்டம். சாயங்காலம் திறந்து பார்த்தபோது அது அப்படியே இருந்தது. அவளுக்கு மீன் தலை என்றால் உயிர்."

வாசிப்பு நின்றது. "ஏக்கா, இதுவரைக்கும் நான் நான்னு அந்தம்மாதான சொல்லிட்டு வந்துச்சு. இங்கன அவளுக்குன்னு போட்டிருக்கு. தப்பா அடிச்சுட்டாகளோ?"

"இல்ல" என்றாள் குமுதவல்லி. "வாசிங்க."

"கண்ணைக்கூட விடமாட்டாள். உறிஞ்சிவிட்டுத்தான் வைப்பாள். எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும், பேப்பரைத் தூக்கி மறைத்துக்கொள்வேன். பேப்பருக்கு அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். என்ன பேசினாள் என்று இப்போது யோசித்தால் ஒன்றுமே ஞாபகத்தில் இல்லை. சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இதில் எழுதியிருப்பதை முதலில் இருந்து படித்துக்கொண்டு வருகிறேன். எல்லாம் இதில் இருக்கிறது. என்னையும் எழுதியிருக்கிறாள். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். இன்னும் பாதி பாக்கி. தீர்ந்துவிடக் கூடாது என்று ஒரு நாளைக்கு ஒன்றுதான் படிப்பது."

முனீஸ்வரியின் குரல் போகப் போகத் தணிந்து, கடைசியில் பள்ளிக்கூடம் அதில் இல்லை. போனை இவள் கையில் வைத்துவிட்டாள்.

"அந்தக்கா இல்லையாக்கா?"

"இல்லம்மா."

"அவுக வீட்டுக்காரரு எழுதுறாரா?"

"ஆமா."

"கீழ ஒருத்தவுக கேட்டிருக்காக, அக்கா சுகமான்னு. அவுகளுக்கு யாராவது சொல்லணும்லக்கா."

குமுதவல்லி தலையை ஆட்டினாள். மூடிய கண்ணிலிருந்து வழிந்தது மருந்தா என்னவென்று அவளுக்கே தெரியவில்லை, துடைக்கவும் இல்லை. எஸ்தராக எழுதிக்கொண்டே வந்தவர் மீன் தலையில் கால் தடுக்கி அவராகவே விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகு எஸ்தருக்குத் திரும்பவே இல்லை. திரும்ப முடியவில்லையா, திரும்ப வேண்டாம் என்று இருந்ததா. இத்தனை வருடத்தில் தன்னிடம் வந்த பதிவுகளில் எத்தனையை இப்படிக் கேட்டிருக்கிறாள். க் விட்டுப்போச்சு, ச் விட்டுப்போச்சு என்று திருத்தித் திருத்திக் கண்தான் போனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன் பெயர் என்று பட்டது. முனீஸ்வரி முழங்கையைப் பிடித்துக் கதவுவரை கொண்டுவந்து விட்டாள்.

உள்ளே இருட்டு. தாடையை வைக்கச் சொன்னார்கள், நெற்றியை முட்டக் கொடுக்கச் சொன்னார்கள். மேல பாருங்க, கீழ பாருங்க, என் காதைப் பாருங்க. பார்க்கச் சொன்ன இடங்கள் எதுவும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் மூளைவரை போய்த் துழாவியது, அதில் மரக்கிளை மாதிரி தன் கண்ணின் நரம்புகளே நிழலாகத் தெரிவதைப் பார்த்தாள். டாக்டர் பெண் சின்னவள், பேச்சில் கொங்கு வாடை. வலது கண்ணில் லேசாகக் கசிவு இருக்கிறது, லேசர் வைத்தால் அதோடு நின்றுவிடும், விட்டுவைத்தால்தான் தொந்தரவு, சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சுக்குங்கம்மா என்றாள். பார்வை போயிராதே என்று கேட்டதற்கு, இப்பவே வந்துட்டீங்கல்ல, அதெல்லாம் போகாதுங்க என்றாள். பிறகு எழுதிக்கொண்டே கேட்டாள்: "கம்ப்யூட்டர் நிறையப் பாப்பீங்களா?"

"ஆபீஸ்ல. அப்புறம் வீட்டுல ஒரு பிளாக் இருக்கு. நாங்க கொஞ்ச பேரு சேந்து நடத்துறோம்."

"இன்னும் பிளாக்கெல்லாம் இருக்குதுங்களா?" என்று டாக்டர் ஆச்சரியப்பட்டாள், கேலி இல்லாமல்.

"இருக்கு" என்றாள். வெளியே வரும்போதுதான் ஆசுவாசம் எதுவும் வரவில்லை என்று கவனித்தாள். கண் போகவில்லை. காரணம் போய்விட்டது. நாளைக் காலையிலும் குக்கர் விசிலுக்குள் மாத்திரைக்காரர்களை அழிக்க வேண்டும். அலுப்பு அதே இடத்தில் அப்படியே இருந்தது, ஆனாலும் கால் எட்டி எட்டித்தான் நடந்தது. முனீஸ்வரி இன்னும் உட்கார்ந்திருந்தாள், மாமாவுக்கு ஏதோ அளவெடுக்கிறார்களாம். குமுதவல்லி அவளிடம் போனை நீட்டி ஒரு நம்பரை எடுத்துத் தரச் சொன்னாள்.

"என்ன பேருக்கா?"

"எஸ்தர்னு இருக்கும்."

முனீஸ்வரி ஒரு கணம் இவளைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு தேடி, போட்டு, இவள் காதில் வைத்தாள். குமுதவல்லி சுவரைத் தடவிக்கொண்டே வராந்தாவின் ஓரத்துக்கு வந்தாள். மணி வெகுநேரம் அடித்தது.

"தங்கச்சியா" என்றார் ஞானதுரை.

"நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி."

"இருக்கேன்." மூச்சு வாங்கினார். "பாத்துட்டியளா?"

"கேட்டேன். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தாங்க, ஒரு பொண்ணு வாசிச்சுக் காமிச்சா."

"கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, சுகரு. சரியாயிரும்."

"நடுவுல தப்பா வந்துட்டு. போட்ட பொறவுதான் பாத்தேன். எப்படி மாத்தணும்னு தெரியல. ஒனக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன், என்னன்னு சொல்ல, வச்சிட்டேன்."

"மாத்த வேண்டாம் அண்ணாச்சி."

அந்தப் பக்கம் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது.

"நஜீம் தம்பி கோவமா இருப்பாவ."

"வருத்தமா இருக்கான்."

"இருக்கும்லா." பிறகு அவராகவே சொன்னார். "ஏமாத்தணும்னு செய்யல தங்கச்சி. துணி காயப்போட்டதுதான் மொதல்ல. அவ இருந்தா இதை என்னன்னு எழுதுவான்னு ஒரு நெனப்பு. எழுதிப் பாத்தேன், எங்கயோ அமுக்கிட்டேன், போயிட்டு. அந்த சிலோன் பிள்ள கேட்டிருந்துச்சி, அக்கா சுகமான்னு. தெனமும் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். இல்லம்மான்னு எழுதத்தான் உக்காந்தேன். கை வரல. நல்லா இருக்கேன்னு அடிச்சேன். அடிச்சுட்டு அதையே பாத்தேன். அன்னைக்குத்தான் தூங்கினேன்."

"எனக்கும் கை வரல அண்ணாச்சி. நான் எழுத வேண்டியது, எழுதல. நீங்க அனுப்பினதைப் போட்டதும் நான்தான்."

"நீ என்னத்துக்கு அதெல்லாம் ஒன் தலையில போட்டுக்கிடுத."

வராந்தாவுக்கு வெளியே வெயில் பால் மாதிரி ஒரே வெள்ளையாக நின்றது, அதில் ஆட்கள் விளிம்பில்லாமல் நடந்து போனார்கள். அவளுக்குத் தலை வலித்தது. "உங்க பேருல ஒரு கணக்கு திறந்து தர்றேன்" என்றாள். "அதுல எழுதுங்க. எஸ்தர் எழுதினது அவ பேருல அப்படியே இருக்கட்டும். நாங்களும் ரெண்டு பேருதான் இருக்கோம், முடியல. கூட ஒரு ஆளு இருந்தா நல்லது."

"எனக்கு என்னத்த எழுத வரும்? கிரேன் ஓட்டுனவன்."

"மீன் தலைக்குப் பொறவு எழுதியிருக்கீங்கள்ல. அது எழுதத் தெரியாதவங்க எழுதினது இல்ல."

டக், டக் என்று மின்விசிறி சுற்றியது. மூக்கை உறிஞ்சினார். "மொத அந்தப் பிள்ளைக்குச் சொல்லணும்லா."

"சொல்லணும்."

"நீ எழுதிருதியா? ஒனக்குன்னா முறையா வரும்."

முறையாக வரும். அதுதான் இத்தனை நாள் வந்துகொண்டே இருந்தது. ஆகட்டும் என்று சொல்லிவிட்டால் இந்தப் பேச்சு முடியும், சங்கரபாண்டிக்குப் போன் போடலாம், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். நாக்குவரை வந்தது. "நீங்க எழுதுங்க அண்ணாச்சி" என்றாள். "நான் லைன்லயே இருக்கேன்."

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. மடிக்கணினி திறந்தது. கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு என்றார். ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டுத் தட்டினார். வதனிம்மா, என்று முணுமுணுத்துக்கொண்டார். நான் எஸ்தரோட வீட்டுக்காரர் எழுதுறேன். தட்டல் நின்றது. அவள் காத்திருந்தாள். காதில் போன் சூடேறியது.

"தங்கச்சி."

"சொல்லுங்க."

"இறந்துட்டாங்கறதுக்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?"

"பெரிய ற."

"அது எதுல வரும்?"

"ஷிப்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்த ர-வையே அடிங்க."

"அப்ப ரெண்டு கை வேணும்லா. இரு, போனைக் கீழ வைக்கேன்."

மேஜைமேல் போனை வைத்த சத்தம் வந்தது. அதன் பிறகு அந்த அறை மட்டும் கேட்டது: மின்விசிறி, தெருவில் ஒரு சைக்கிள் மணி, ஒரு தட்டல், இன்னும் ஒரு தட்டல். அப்புறம் எங்கோ தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"வந்துட்டு."